உப்புத் தண்ணீரில் அக்கம்பக்கம்

எந்த மீனோடு எந்த மீன் ஒத்துப்போகும் என்று யாரும் கேட்டு என் சின்ன வயதில் நான் கேட்டதில்லை. 1980-களின் கடைசியில் சென்னையில் வீட்டுக்குள் கடல் மீன் வளர்த்தவர்கள் மிகச் சிலர். பெரம்பூரில் இருந்த என் பெரியப்பா அவர்களில் ஒருவர். ரயில்வே வேலை முடிந்து வந்தால் சட்டையைக்கூடக் கழற்றாமல் தொட்டி முன்னால் உட்கார்ந்துவிடுவார். அவரும் அவருடைய கூட்டாளிகளும் சந்தித்தால் முதல் பேச்சு, “உன்னுது இன்னும் இருக்கா?” என்பதுதான். ஒரு மாதம் தாண்டிய மீன் என்றால் அது செய்தி. மூன்று மாதம் தாண்டினால் பஸ் பிடித்து வந்து பார்த்துவிட்டுப் போவார்கள்.

இப்போது என் அக்கா மகன் கதிர், மாதவரத்தில் கட்டிய புது வீட்டின் கூடத்தில் ஒரு தொட்டி வைத்திருக்கிறான். நீளம் ஆறடி, அகலம் இரண்டடி, உயரம் இரண்டடி. ஏறக்குறைய 680 லிட்டர் பிடிக்கும். உப்பு பைகளில் வருகிறது. உப்புச் செறிவையும் சூட்டையும் சின்னக் கருவிகள் காட்டுகின்றன. கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் கீழே அலமாரிக்குள் ஓடுகிறது. கரண்ட் போனால் இன்வெர்ட்டர் பார்த்துக்கொள்கிறது. தண்ணீரைப் பற்றி அவன் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. “மாமா, இதுல யாரை யாரோட விடலாம்?” என்றுதான் கேட்டான்.

பெரியப்பா காலத்துக் கேள்விக்கும் கதிருடைய கேள்விக்கும் இடையில் முப்பது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிகிறது. தண்ணீர் கெட்டுக் கிடந்த காலத்தில் தொட்டிக்குள் சண்டை இல்லை. சண்டை போடும் அளவுக்கு உடம்பில் தெம்போடு எந்த மீனும் இருந்ததில்லை. மீன்கள் நீண்ட நாள் வாழத் தொடங்கிய பிறகே அக்கம்பக்கம் பார்க்க வேண்டிய தேவை வந்தது. பொருத்தமான மீனைத் தேர்ந்தெடுப்பது இன்று இவ்வளவு கடினமாகியிருப்பது இந்த வளர்ப்புக் கலை முன்னேறியதால் வந்தது. அதை நான் சந்தோஷமான சிக்கல் என்றே நினைக்கிறேன்.

பெரியப்பாவின் தொட்டி நான்கடி. அடியில் துளையிட்ட பிளாஸ்டிக் தட்டு, அதன்மேல் கிளிஞ்சல் தூள் கலந்த பருமணல், மூலையில் காற்று கொப்பளிக்கும் குழாய். அண்டர்கிராவல் ஃபில்டர் என்று அதற்குப் பெயர். அன்றைக்கு அதுதான் உயர்ந்த தொழில்நுட்பம். தண்ணீர் கோவளத்திலிருந்து வரும். கரையோரம் மொண்டால் கலங்கலாக இருக்கும் என்பதால் கட்டுமரக்காரர்களிடம் கேனைக் கொடுத்து, அலை தாண்டிப் போய் மொண்டுவரச் சொல்வார். அதிலும் ஒரு நுணுக்கம் இருந்தது. மழைக்காலத்தில் ஆறுகள் வங்காள விரிகுடாவில் கொட்டும் நன்னீர் கடலின் மேல்மட்டத்தில் பரவி, கரையோர நீரோட்டத்தோடு தெற்கே இறங்கி வரும். ஆடியில் மொண்ட தண்ணீரும் கார்த்திகையில் மொண்ட தண்ணீரும் ஒரே உப்பாக இருக்காது. பெரியப்பாவிடம் ஹைட்ரோமீட்டர் ஒன்று உண்டு. புதுத் தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் அதை மிதக்கவிட்டு, கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு குனிந்து பார்ப்பார்.

உப்பை அவரால் அளக்க முடிந்தது. அம்மோனியாவை அளக்க வழியில்லை. மீன் கழிவிலிருந்தும் தின்னாத தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகும். அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் மணலில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதுவரை தொட்டி நஞ்சுதான். கடல் நீர் காரத்தன்மை உடையது. அதன் பிஎச் 8.1 முதல் 8.4 வரை இருக்கும். அந்தக் காரத்தில் அதே அளவு அம்மோனியா சாதாரணத் தண்ணீரில் இருப்பதைவிடப் பல மடங்கு கொடியது. நன்னீரில் கோல்டு ஃபிஷ்ஷும் ஏஞ்சலும் பத்து வருஷமாக வளர்த்துத் தேர்ந்தவர்கள் கடல் மீனிடம் வந்து தோற்றதற்கு இது முக்கியமான காரணம்.

மீன் வாங்க சென்ட்ரல் பக்கம் போவோம். மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்த பிறகு வியாபாரிகளுக்கு அல்லிக்குளம் பக்கம் இடம் கொடுத்திருந்தார்கள். கடல் மீன் எப்போதாவதுதான் வரும். மண்டபம் பக்கத்திலிருந்து பாலிதீன் பையில் காற்று நிரப்பி ரயிலில் வந்து சேரும். வந்ததில் எது கண்ணைப் பறிக்கிறதோ அதைப் பெரியப்பா எடுப்பார். ஒரு முறை அவருடைய தொட்டியில் லயன்ஃபிஷ், கறுப்பு வெள்ளைக் கோமாளி மீன், ஒரு கிளாத்தி, வண்ணத்துப்பூச்சி மீன் எல்லாம் சேர்ந்து இருந்தன. ஒன்றை ஒன்று தொடவில்லை. பார்க்க வந்தவர்கள், “எவ்வளவு சாதுவா இருக்கு பாருங்க” என்று வியந்தார்கள். இன்று அந்தக் காட்சியை நினைத்தால் எனக்கு மனம் கனக்கிறது. அம்மோனியாவில் செவுள் வெந்து, மூச்சுக்குத் திணறி, மீன்கள் மூலைக்கு ஒன்றாகத் தொங்கிக்கொண்டிருந்தன. அந்த நான்கில் எதுவும் அடுத்த மாதத்தைப் பார்க்கவில்லை. தெம்போடு இருந்திருந்தால் லயன்ஃபிஷ் முதல் இரவே கோமாளி மீனை விழுங்கியிருக்கும். கிளாத்தி லயன்ஃபிஷ்ஷின் துடுப்புகளைக் கிழித்திருக்கும்.

அந்தத் தொட்டியில் முதன்முதலாக ஒரு மீன் நிலைத்து வாழ்ந்தபோதுதான் முதல் சண்டையும் வந்தது. தொட்டியைப் பழக்குவதற்கென்று டேம்சல் மீனை விடுவது அன்றைய வழக்கம். வெள்ளை உடம்பில் மூன்று கறுப்புப் பட்டை போட்ட அந்தச் சின்ன மீன் எதையும் தாங்கும். அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் தாங்கிக்கொண்டு, நுண்ணுயிர்கள் பெருகத் தன் கழிவைக் கொடுத்துவிட்டுப் போய்ச் சேரும் என்பது கணக்கு. பெரியப்பா விட்ட டேம்சல் போய்ச் சேரவில்லை. வாரங்கள் போயின, தண்ணீர் தெளிந்தது, அதன் நிறம் கூடியது. தொட்டியே தன்னுடையது என்று அது முடிவுகட்டிவிட்டது. அடுத்து வந்த மீன்களை ஒவ்வொன்றாக விரட்டி விரட்டிக் கடித்தது. தன்னைவிட இரண்டு மடங்கு பெரிய மீனைக்கூடத் தண்ணீரின் மேல்மட்டத்துக்குத் துரத்தி அங்கேயே நிறுத்திவைத்தது. கடைக்காரர் வந்து பார்த்தார். “சார், இவன் முதல்ல வந்தவன். இவன் இருக்கிற வரைக்கும் வேற எதுவும் இங்க இருக்காது” என்றார்.

பெரியப்பா அதை யாருக்கும் கொடுக்கவில்லை. “பட்டதெல்லாம் பட்டுப் பொழைச்சிருக்கு. அதுக்கே இருக்கட்டும்” என்றார். நான்கடித் தொட்டியில் அந்த ஒற்றை மீன் வருஷக்கணக்கில் தனியாக வாழ்ந்தது. அவர் செய்தது சரி என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

இன்று தொட்டியைப் பழக்க உயிருள்ள மீனைப் பலி கொடுக்கத் தேவையில்லை. அம்மோனியாக் கரைசலை அளந்து ஊற்றி, நுண்ணுயிர் புட்டியைச் சேர்த்து, பரிசோதனைத் திரவத்தில் நிறம் பார்த்து, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு இறங்கும்வரை காத்திருந்தால் போதும். கதிர் அப்படித்தான் செய்தான். வெறும் தொட்டியைப் பல வாரம் வெளிச்சம் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த அவனுடைய பொறுமை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இந்தத் துறையில் நடந்த மாற்றங்களில் எதை முதலில் வைப்பாய் என்று கேட்டால், ஸ்கிம்மரையோ விளக்கையோ சொல்ல மாட்டேன். இதைத்தான் சொல்வேன்.

டேம்சல் செய்ததற்கு விளக்கம் எனக்குப் பல வருஷம் கழித்து ஒரு புத்தகத்தில் கிடைத்தது. விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்ததற்காக 1973-ல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவரான கான்ராட் லோரன்ஸ், மூர்க்கத்தைப் பற்றி 1963-ல் எழுதிய நூலைப் பவளப்பாறை மீன்களில் இருந்துதான் தொடங்குகிறார். பளீர் நிறங்கொண்ட பாறை மீன்கள் மற்ற இனங்களைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை, தன் இனத்தைக் கண்டால் மட்டும் பாய்கின்றன என்று அவர் கடலிலும் தொட்டியிலும் கண்டார். அந்த நிறம் ஒரு விளம்பரப் பலகை, ‘இந்த இடத்துக்கு ஆள் இருக்கிறது’ என்று தன் இனத்தாருக்குச் சொல்லும் அறிவிப்பு என்பது அவர் கருத்து. பின்னால் வந்தவர்கள் இதற்கு விலக்குகள் கண்டார்கள். பாசித் தோட்டம் வைத்துக் காக்கும் டேம்சல் இனங்கள், பாசி தின்னும் எந்த மீன் வந்தாலும் விரட்டும். ஆனால் அடிப்படை அப்படியே நிற்கிறது: ஒரே சாப்பாட்டை, ஒரே பொந்தை, ஒரே உருவத்தை உடைய இரண்டுதான் மோதிக்கொள்ளும். கடலில் மோதினால் தோற்றது நீந்திப் போய்விடும். ஆறடித் தொட்டியில் அதற்குப் போக்கிடம் இல்லை.

இதைத்தான் கதிருக்குச் சொன்னேன். அவன் ஒரு பட்டியல் வைத்திருந்தான். லயன்ஃபிஷ், நீல டாங், பவுடர் ப்ளூ டாங், கோமாளிக் கிளாத்தி, மூரிஷ் ஐடல், மாண்டரின், ஒரு ஜோடி கடல் குதிரை, மகளுக்காகக் கோமாளி மீன். ‘ஃபைண்டிங் நீமோ’ 2003-ல் வந்த படம். அப்போது பிறக்கவே பிறக்காத அவன் மகள் யாழினிக்கும் அந்த மீன் ‘நீமோ’தான்.

“அழகான பட்டியல்டா கதிரு. ஆனா இதுல பாதி, மீதியத் தின்னுடும். மிச்சம் பட்டினி கிடந்து செத்துடும்” என்றேன்.

லயன்ஃபிஷ்ஷில் தொடங்கினோம். அது கோபக்கார மீன் கிடையாது. பாறைக்கடியில் அசையாமல் நிற்கும். ஆனால் வாய்க்குள் நுழையும் எதையும் விழுங்கும், அந்த வாய் நாம் நினைப்பதைவிடப் பெரிதாகத் திறக்கும். அதனால் பொருத்தம் பார்க்கும்போது முதலில் வாயைப் பார்க்க வேண்டும், நிறத்தை அப்புறம் பார்க்கலாம். இன்று வாங்கும் அளவை வைத்துப் பார்க்கக் கூடாது. கடையில் கட்டைவிரல் நீளத்தில் நீந்தும் நீல டாங் முப்பது சென்டிமீட்டர் வரை வளரும். கோமாளிக் கிளாத்தி ஐம்பது சென்டிமீட்டரைத் தொடும். நண்டு ஓட்டையும் கடல் முள்ளெலியையும் உடைக்கும் தாடை அதற்கு. களவாவும் அஞ்சாலையும் இந்த வகைதான். இவற்றுக்கென்று தனியாகத் தொட்டி வைப்பவர்கள் இருக்கிறார்கள், அது ஒரு நியாயமான விருப்பம். ஆனால் சின்ன மீன்களும் இறாலும் வேண்டும் என்கிற வீட்டில் இவற்றுக்கு இடமில்லை. இரண்டில் ஒன்றை முதல் நாளே முடிவுசெய்ய வேண்டும். கதிர் யாழினியைப் பார்த்தான். லயன்ஃபிஷ்ஷும் கிளாத்தியும் பட்டியலிலிருந்து போயின.

மூரிஷ் ஐடலும் மாண்டரினும் பொதுவாக மற்ற இனங்களோடு சண்டைக்குப் போகாத மீன்கள். அவை ஒத்துப்போகாதது நம் சாப்பாட்டோடு. மூரிஷ் ஐடல் கடலில் கடற்பஞ்சுகளைக் கொறித்து வாழும். தொட்டித் தீனியைத் தொடாமலே மெலிந்து இறந்தவை ஏராளம். மாண்டரின் பாறையில் ஊரும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத உயிர்களை நாள் முழுக்கப் பொறுக்கித் தின்னும். புதுத் தொட்டியில் அந்த உயிர்கள் போதுமான அளவு இருக்காது. பாறைகளெல்லாம் ஊறி வயதான தொட்டியில், வேகமாகத் தின்னும் போட்டியாளர்கள் இல்லாத இடத்தில் மட்டும் அதை வைக்கலாம். சுத்தம்செய்யும் கடல் மீன் என்று விற்கப்படும் நீலக் கோடு போட்ட கிளீனர் ராஸ்ஸும் அப்படித்தான். கடலில் மற்ற மீன்களின் மேல் இருக்கும் ஒட்டுண்ணிகளைத் தின்று வாழ்வது, ஆரோக்கியமான தொட்டியில் பட்டினி கிடக்கிறது. பசித்த மீனுக்கு ஒத்துப்போகும் துணை என்று எதுவும் இல்லை. இதைப் பட்டியல் போட்டு விற்பவர்கள் யாரும் சொல்வதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

கடல் குதிரையைப் பற்றி நான் பேசுவதற்கு முன் சட்டம் பேச வேண்டியிருந்தது. பெரியப்பா காலத்தில் ராமேஸ்வரத்திலும் கன்னியாகுமரியிலும் பவளத் துண்டுகளும் கடல் விசிறிகளும் காய்ந்த கடல் குதிரைகளும் கடைகளில் சங்குமாலைகளோடு தொங்கும். பெரியப்பாவும் தொட்டி அலங்காரத்துக்குப் பவளம் வாங்கிவந்திருக்கிறார். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய பகுதி 1986-லேயே கடல்சார் தேசியப் பூங்காவாகிவிட்டது. கடல் குதிரைகளும் கடினப் பவளங்களும் கடல் விசிறிகளும் கடல் அட்டைகளும் 2001-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு. அதனால் கடல் குதிரையும் பட்டியலிலிருந்து போனது. கதிருடைய தொட்டியில் உள்ள பாறைகளும் பவளம் இல்லை, சுட்ட மண்ணும் சிமென்ட்டும் கலந்து வார்த்தவை. நல்ல துளைகளோடு அமைந்திருக்கின்றன. நுண்ணுயிர்களுக்கு அந்தத் துளைகள்தான் வேண்டும். பவளம் எடுத்த இடத்தில் பவளம் திரும்ப வளர எத்தனை காலம் ஆகும் என்று யோசித்தால், இந்தச் செயற்கைப் பாறை எனக்கு அழகாகவே தெரிகிறது.

மகளின் கோமாளி மீனைத் தவிர மிஞ்சியது இரண்டு டாங் மீன்கள். வால் அடியில் கத்தி போன்ற முள்ளை வைத்திருக்கும் இனம். பவுடர் ப்ளூ நம் இந்தியப் பெருங்கடல் மீன். லட்சத்தீவு, மாலத்தீவு, இலங்கைப் பாறைகளில் கூட்டமாகப் பாசி மேயும். அந்த நீலத்தையும் மஞ்சள் முதுகுத் துடுப்பையும் பார்த்து மயங்காதவர்கள் கிடையாது. ஆனால் தொட்டியில் தன்னைப் போல் தட்டையாக, வட்டமாக இருக்கும் எதையும் அது விடாது. வெள்ளைப் புள்ளி நோய்க்கு முதலில் ஆளாவதும் அதுதான். “ரெண்டையும் விட்டா என்ன மாமா, ஆறடி இருக்கே” என்றான். ஆறடி நமக்குப் பெரிது. ஒரு நாளில் பாறை நீளம் முழுக்க மேய்ந்து திரியும் மீனுக்கு நான்கு வீச்சில் முடிந்துவிடும் தூரம். நான் சொன்னது வேறு ஒன்று: ப்ரிஸில்டூத் டாங். இந்தியப் பெருங்கடலிலேயே பொன்புள்ளிகள் இறைந்த ஒரு வகை உண்டு. கையளவுக்கு மேல் வளராது. கண்ணாடியிலும் பாறையிலும் படியும் மெல்லிய பாசியையும் கசடையும் உதட்டால் சுரண்டிக்கொண்டே இருக்கும். பார்த்தவுடன் வியக்கவைக்கும் மீன் கிடையாது. பார்க்கப் பார்க்கப் பிடித்துப்போகும்.

பிறகு தொட்டியின் இடங்களை நிரப்பினோம். மணலில் வாழ்வது ஒன்று, பாறைப் பொந்தில் வாழ்வது ஒன்று, நடு நீரில் நீந்துவது ஒன்று என்று ஆளுக்கொரு இடம் இருந்தால் மோதல் பாதி குறையும். மணலுக்கு நான் தேர்ந்தெடுத்தது கோபியும் பிஸ்டல் இறாலும். இந்த ஜோடியைப் பற்றிச் சொல்லாமல் என்னால் கடக்க முடியாது. இறாலுக்குக் கண் பார்வை மட்டம். ஆனால் வளை தோண்டுவதில் சலிக்காது. கோபிக்குத் தோண்டத் தெரியாது, கண் கூர்மை. இறால் மணலை வாரி வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்போது அதன் மீசை ஒன்று எப்போதும் கோபியின் உடம்பில் பட்டபடி இருக்கும். ஆபத்து என்றால் கோபி வாலைச் சிலிர்க்கும், அடுத்த நொடி இரண்டும் வளைக்குள். வேறு வேறு இனம், வேறு வேறு வகுப்பு, பேச்சு ஒரு மீசை நுனியில். தொட்டி வைப்பவர்கள் பெரிய மீனுக்குக் கொடுக்கும் பணத்தில் கால்வாசியை இதற்குக் கொடுத்தால் போதும், நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

நடு நீருக்குப் பச்சைக் க்ரோமிஸ் கூட்டமாக விடலாம் என்று கடையில் சொல்லியிருந்தார்கள். கடலில் அது கூட்டம் கூட்டமாகத்தான் வாழும். தொட்டியில் அந்தக் கூட்டம் ஆறு, ஐந்து, நான்கு என்று ஒவ்வொன்றாகக் கரைந்து ஒன்றிரண்டில் வந்து நிற்பதைப் பலர் பார்த்திருக்கிறார்கள். பலவீனமானதை மற்றவை கொத்திக் கொத்தி ஓய்த்துவிடும். அதற்குப் பதிலாகச் சாதுவான கார்டினல் மீன்களைச் சொன்னேன்.

கோமாளி மீனை மட்டும் யாழினியே தேர்ந்தெடுத்தாள். ஒன்று பெரிது, ஒன்று சின்னது, இரண்டும் குஞ்சுப் பருவம் தாண்டாதவையாகப் பார்த்து எடுக்கச் சொன்னேன். இந்த இனத்தில் எல்லாம் ஆணாகத்தான் பருவத்துக்கு வரும். கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும், அடுத்தது ஆணாக நிற்கும், மற்றவை வளராமல் காத்திருக்கும். பெண் இறந்தால் அந்த ஆண் பெண்ணாகும். அளவில் வித்தியாசமுள்ள இரண்டு இளம் மீன்களை விட்டால் தகராறு இல்லாமல் ஜோடி அமைந்துவிடும். ஏற்கெனவே பெண்ணான இரண்டைச் சேர்த்தால் ஒன்றுதான் மிஞ்சும். கடல் சாமந்தி இல்லாமல் கோமாளி மீன் வாழாது என்பது தவறான எண்ணம். தொட்டியில் அதற்கு வேட்டையாடும் எதிரி இல்லை. கடல் சாமந்திக்கோ பலத்த வெளிச்சமும் பழகிய தொட்டியும் வேண்டும். இடம் பிடிக்காவிட்டால் நகர்ந்து போய் மோட்டாரில் சிக்கும், தடுமாறி வந்த மீனைக் கொட்டித் தின்னும். “தாத்தா, நீமோவுக்கு வீடு?” என்று யாழினி கேட்டாள். பாறையில் ஒரு குழிவைக் காட்டினேன். மீன்கள் அதை ஏற்றுக்கொண்டன.

பட்டியல் சரியாக இருந்தும் வரிசை தப்பினால் கெட்டுவிடும். பெரியப்பாவின் டேம்சல் சொல்லிக்கொடுத்தது அது. முதலில் வருபவர் தொட்டியைத் தன்னுடையதாக்கிக்கொள்வார். எனவே கூச்சமுள்ளது முதலில், இடத்துக்குச் சண்டை போடுவது கடைசியில். கோபியும் கார்டினலும் போய்ப் பொந்து பார்த்துக்கொண்ட பிறகு கோமாளி மீன்கள். எல்லாம் அடங்கிய பிறகு டாங். ஒவ்வொரு முறையும் இடைவெளி வேண்டும், ஏனென்றால் புது மீனின் கழிவுக்கேற்ப நுண்ணுயிர்கள் பெருக வேண்டும். புது மீனை விடும்போது விளக்கை அணைத்துவிடுவது, பாறைகள் இரண்டை மாற்றி வைத்து எல்லைகளைக் கலைப்பது, துளையிட்ட கண்ணாடிப் பெட்டியில் சில நாள் வைத்துப் பழையவற்றுக்குப் பழக்கிவிடுவது, முரடனின் பக்கம் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து வைத்து அதன் கவனத்தைத் திருப்புவது என்று இன்று பல வழிகள் தெரிந்திருக்கின்றன. எல்லாமே பயனுள்ளவைதான்.

இதற்கெல்லாம் முன்னால் தனித்தொட்டி. புதிதாக வரும் மீன் எதுவானாலும் குறைந்தது நான்கு வாரம் வேறு சின்னத் தொட்டியில் இருக்க வேண்டும். வெள்ளைப் புள்ளி நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணி மீனைவிட்டு உதிர்ந்து, கூடு கட்டிக் கிடந்து, வாரங்கள் கழித்துப் பெருகி வெளியே வரும். அதற்கு மருந்தான தாமிரம் இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும். பெரிய தொட்டியில் ஊற்ற முடியாது. கடிபட்டு மிரண்ட மீனுக்கு இந்த நோய் சுலபமாகப் பற்றும், ஒன்றுக்குப் பற்றினால் எல்லாவற்றுக்கும் போகும். சண்டையும் நோயும் தனித்தனி விஷயங்கள் இல்லை என்பது முதன்மைத் தொட்டியில் நோய் புகுந்த வீடுகளைப் பார்த்தால் தெரியும்.

மன்னார் வளைகுடாவிலிருந்து பிடித்து வந்த மீனைத் தவிர வேறு கிடைக்காத காலம் இன்று இல்லை. மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மையத்திலும் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்திலும் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்த்திருக்கிறார்கள். லட்சத்தீவின் அகத்தியில் பெண்கள் தொட்டிக்கான கடல் உயிர்களை வளர்த்து விற்கப் பயிற்சி பெற்றிருக்கிறார்கள். உலகத்திலேயே குஞ்சு பொரிக்கவைக்க மிகக் கடினம் என்று கருதப்பட்ட மஞ்சள் டாங் மீனை 2015-ல் ஹவாயிலும், நீல டாங் மீனை அடுத்த வருஷம் ஃபுளோரிடாவிலும் தொட்டியிலேயே வளர்த்துவிட்டார்கள். பொரிப்பகத்தில் பிறந்த மீன் பிறந்ததிலிருந்தே மனிதர் போடும் தீனியைத் தின்று பழகியது. பயணக் களைப்பும் வலைக் காயமும் அதற்குக் குறைவு. தொட்டி வாழ்க்கைக்குப் பொருந்துவதில் கடல் மீன் அதோடு போட்டி போட முடியாது. யாழினியின் இரண்டும் பொரிப்பகத்தில் பிறந்தவைதான்.

கோமாளி மீன் நன்றாகப் பராமரித்தால் இருபது வருஷத்துக்கு மேலும் வாழும். டாங் இனங்கள் கடலில் முப்பது வருஷத்தைத் தாண்டி வாழ்வது தெரிந்திருக்கிறது. யாழினி கல்லூரி முடித்து வேலைக்குப் போகும்போதும் இந்த மீன்கள் இதே கூடத்தில் நீந்திக்கொண்டிருக்கலாம். ஒரு மாதத்துக்கு மேல் எதிர்பார்க்காமல் மீன் வாங்கிய தலைமுறையிலிருந்து வந்தவன் என்பதால், இதை எழுதும்போதே எனக்குள் ஒரு பெருமிதம் பொங்குகிறது. பெரியப்பா இருந்திருந்தால் தினமும் மாதவரத்துக்கு வந்து உட்கார்ந்திருப்பார்.

பெரிய தொட்டி வைக்கப்போகிறவர்கள் மீன் பட்டியலை வீட்டில் உட்கார்ந்து எழுதி முடித்துவிட்டுக் கொளத்தூர்க் கடைத்தெருவுக்குப் போங்கள். விலையைக் கேட்பதற்கு முன், இந்த மீன் பிடித்து வந்ததா பொரிப்பகத்தில் பிறந்ததா, கடைக்கு வந்து எத்தனை நாள் ஆகிறது என்று கேளுங்கள். உங்கள் கண்ணெதிரே தீனி போடச் சொல்லுங்கள். தின்னாத மீனை எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காதீர்கள்.